பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விட முடியாத ஞாயிறு பள்ளி

திருநெல்வேலிக்கு மாற்றலாகி வருகிற கிறிஸ்தவக் குடும்பங்கள், பள்ளிக்கூடமும் வாடகை வீடும் முடிவானதும் என்னிடம் கேட்பது, பிள்ளைகளுக்கு எந்தச் சபையில் ஞாயிறு பள்ளி நன்றாக இருக்கும் என்பதுதான். நாங்கள் போகிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன், அதனால் சபையின் பெயர் வேண்டாம். கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். என் கணக்கில் இந்தச் சபைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கில் இரண்டு பெற்றோர் வகுப்புக்கு.

பெற்றோர் வகுப்பு என்றதும் புருவம் உயரும், தெரியும். பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? காலையில் பிள்ளைகளை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அப்பாமார் எதிரே டீக்கடையில் நிற்பார்கள், அம்மாமார் வீட்டுக்குப் போய்ச் சமையலை முடித்துவிட்டு ஆராதனை மணி அடிக்கும்போது சேலை மாற்றிக்கொண்டு ஓடிவருவார்கள். இங்கே 7.30 மணிக்குப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் அதே நேரத்தில் பக்கத்து ஹாலில் பெரியவர்களுக்கும் வகுப்பு. 8.40 வரை. அப்புறம் சுக்குக் காபி, 9 மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஆராதனை. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் டீக்கடையில் நிற்பதற்கும் இங்கே வந்து உட்காருவதற்கும் அதே நேரம்தானே ஆகிறது என்று ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்து, இப்போது ஹாலில் நாற்காலி போதவில்லை, பின்னால் பாய் விரிக்கிறார்கள்.

வகுப்புகள் வழக்கமான பிரிவுதான்: பிகினர், பிரைமரி, ஜூனியர், இன்டர், சீனியர். பாடத்தை எடுத்துக்கொள்ளும் விதம்தான் வேறு. சி.எஸ்.ஐ. நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருளும், பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று வாசிப்புகளும் இருக்கும், பலர் அதைச் சுவரில் மாட்டி வைத்து விசேஷ நாள் பார்ப்பதோடு சரி. இந்தச் சபையில் அந்த வாரத்துச் சுவிசேஷப் பகுதியைத்தான் நான்கு வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுத் தாத்தா வரைக்கும் அந்த வாரம் முழுவதும் படிக்கிறார்கள். பிகினர் பிள்ளைகளுக்குக் கதையாக, ஜூனியருக்குப் படமும் கேள்வியுமாக, பெரியவர்களுக்கு விவாதமாக. பிறகு அதே பகுதியின் மேல் ஐயர், அதாவது சபைப் போதகர், பிரசங்கம் பண்ணுகிறார். வீட்டுக்குப் போகும் வழியில் என் நான்காம் வகுப்பு மகளும் ஒன்பதாம் வகுப்பு மகனும் என் மாமியாரும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டு வருகிறார்கள். முன்பு நாங்கள் இருந்த ஊரில் மகள் நோவா பேழையும், மகன் பவுலின் பயணமும், நான் பிரசங்கத்தில் கேட்டது வேறு எதுவோவுமாக வருவோம், "இன்னைக்கு என்ன படிச்சீங்க" என்று கேட்டால் "ஸ்டோரி" என்று ஒரு பதில் வரும், அதோடு முடிந்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மத்தேயு 15-ல் கானானியப் பெண் வருகிற பகுதி. பிசாசு பிடித்திருந்த தன் மகளுக்காக அந்த அம்மா பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள், இயேசு முதலில் பதிலே சொல்லவில்லை, பிறகு பிள்ளைகளின் அப்பம், நாய்க்குட்டிகள் என்று ஒரு வார்த்தை சொல்கிறார். ஜூனியர் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அக்கா, இயேசப்பா ஏன் அவங்கள அப்படிப் பேசினாங்க?" என்று கேட்டுவிட்டான். பாடம் எடுத்த அக்கா கல்லூரியில் படிக்கும் பெண். அதட்டி உட்கார வைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. "எனக்கும் தெரியலப்பா, கேட்டுட்டு வாரேன்" என்றிருக்கிறாள். வகுப்பு முடிந்த கையோடு நேராகப் பெரியவர்கள் ஹாலுக்கு வந்து கதவருகே நின்றுகொண்டு, "எங்க வகுப்புல இப்படி ஒரு கேள்வி வந்திருக்கு" என்று சொன்னாள்.

அன்றைக்கு அந்த ஹாலில் நடந்த பேச்சை நான் மறக்க மாட்டேன். அவளுடைய விசுவாசத்தைச் சோதிப்பதற்காகத்தான் என்று ஒருவர் சொன்னார், அதுதான் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த பதில். இன்னொருவர், இயேசு சீஷர்களின் மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறார் என்றார். "இவளை அனுப்பிவிடும்" என்று முதலில் சொன்னது சீஷர்கள்தானே, அதைக் கவனியுங்கள் என்றார். உடனே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மெதுவாகப் பேசுகிற மனிதர், "அப்படின்னா மணமகள் தேவை விளம்பரத்துல சி.எஸ்.ஐ.ன்னு போட்டு பக்கத்துலயே சாதியையும் போடுறோமே, நாமளும் இவளை அனுப்பிவிடும்னுதானே சொல்றோம்" என்றார். ஹால் அமைதியாகிவிட்டது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரம் வந்தார். நம் பக்கத்துச் சபைகளில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், கல்லறைத் தோட்டம் முதல் கல்யாணம் வரை. ஆனால் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுப் பேசுகிற இடம் எத்தனை சபையில் இருக்கிறது? ஒரு பத்து வயதுப் பையனின் கேள்வி அதைத் திறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா பிள்ளைகளிடம் திரும்பிப் போய், பெரியவர்கள் இப்படிச் சொன்னார்கள், இப்படியும் சொன்னார்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். வீட்டில் என் மகள் அதைச் சொன்னபோது என் மாமியார், "அவ பிள்ளைக்காக வந்தவ. அவகிட்ட யாரு என்ன சொன்னாலும் போகமாட்டா" என்றார். பிரசங்கத்தில்கூட அது இவ்வளவு நறுக்கென்று வரவில்லை.

அந்த வகுப்பு பிரசங்கமாக மாறிவிடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், நடத்துகிறவர்களில் இரண்டு மூன்று பேர் டாஃப்டீ படிப்பு படித்தவர்கள். 1971-ல் பெங்களூரில் தொடங்கிய அமைப்பு அது, வேலையில் இருக்கிற சாதாரண விசுவாசிகள் வேலையை விடாமலே இறையியல் படிப்பதற்கு. வீட்டில் பாடத்தைப் படித்துவிட்டு, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசுவார்கள், வழிநடத்துகிறவர் விரிவுரை செய்யாமல் கேள்வி கேட்பார். அந்தப் பழக்கம் இவர்களிடம் அப்படியே இருக்கிறது. பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வகுப்பு எடுக்கும்போது பாருங்கள், முதல் இருபது நிமிடம் அவர் வாயிலிருந்து ஒரு பதிலும் வராது. வசனத்தை வாசிக்கச் சொல்லி, யார் யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை என்று கேட்டுக்கொண்டே போவார். நாம் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை மாலை ஆசிரியர் கூடுகையும் உண்டு. ஐயரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் உட்கார்ந்து மறுநாள் பகுதியை ஒருமுறை படித்துப் பேசிவிட்டுத்தான் போவார்கள். ஐயர் வெளியூர் போனால் சபை ஊழியர் நடத்துவார். இந்தச் சனிக்கிழமை கூடுகை இல்லாத சபையில், எவ்வளவு அழகான பாடப்புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும், ஆசிரியர் ஞாயிறு காலை ஆட்டோவில் வரும்போதுதான் அதைப் புரட்டுவார். எங்கே சேர்வது என்று பார்க்கிறவர்கள் ஞாயிறு பள்ளியைப் பொறுப்பாக நடத்துகிற சூப்பரின்டென்டென்டிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆசிரியர்கள் எப்போது கூடித் தயாரிக்கிறார்கள்?

பெரியவர்கள் படிப்பதில் நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், வேத போதனை முதலில் வீட்டுக்காகத்தான் எழுதப்பட்டது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலை எடுத்துப் பாருங்கள், கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்ற தலைப்போடு இருக்கும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழில் கொண்டுவந்தார். நம் மண்ணில் புராட்டஸ்டன்ட் போதனை தொடங்கியதே அப்படி ஒரு வீட்டுப் புத்தகத்தோடுதான். பிறகு எப்போதோ வீடு அந்த வேலையை மிஷன் பள்ளிக்கூடத்திடம் கொடுத்தது, பள்ளிக்கூடம் ஞாயிறு பள்ளியிடம் கொடுத்தது, ஞாயிறு பள்ளியில் அதைச் செய்வது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தங்கை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் அவள் தனியாக என்ன செய்துவிட முடியும்?

அதற்காக இங்கே ஒரு சின்னத் தாள் கொடுக்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை குடும்ப ஜெபத்தில் வாசிக்க நாளுக்கு ஐந்தாறு வசனம், கூட ஒரே ஒரு கேள்வி, அதுவும் பிள்ளை பெரியவர்களைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. "நீங்க யாரையாவது மன்னிக்க முடியாம இருந்திருக்கீங்களா?" என்று ஒரு இரவு மகன் அவன் அப்பாவிடம் கேட்டான். வீட்டில் வழக்கமாக ஜெபம் ஐந்து நிமிடத்தில் முடியும், அன்றைக்கு முடிய வெகுநேரம் ஆனது. எல்லா நாளும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், டியூஷன், வீட்டுப்பாடம், மின்வெட்டு என்று பாதி நாள் போய்விடும். ஆனாலும் தாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, யாராவது ஒருவர் ஞாபகப்படுத்துகிறோம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு வகுப்புப் பிரிவு கிடையாது, எல்லா வயதும் ஒன்றாக. அன்றைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மாமார் பிள்ளைகளுக்கு ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுப்பார்கள், புத்தகம் இல்லாமல், வரி வரியாக. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1774-ல் இதே திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகளைத்தான் எழுத்து வாசிக்கத் தெரியாத நம் கொள்ளுப்பாட்டிமார் வேதமாகக் கற்றுக்கொண்டார்கள். பாட்டின் அனுபல்லவியும் சரணமும் போக, உள்ளே இருக்கிற வேதச் சம்பவங்களைப் பெரியம்மாமார் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்கத் தடுமாற்றம்தான், என் மகளும் அப்படித்தான், ஆனால் பாட்டில் வந்த சொல் அவளுக்கு மறப்பதில்லை. தாத்தாக்களில் சிலர் தாங்கள் சிறுவயதில் படித்த போர்டிங் பள்ளி, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு மாட்டுவண்டியில் போனது, பஞ்ச காலத்தில் வீட்டில் ஜெபித்தது என்று சாட்சி சொல்வார்கள். சிலர் நீட்டிக்கொண்டே போவார்கள், பிள்ளைகள் நெளிவார்கள். பரவாயில்லை, இருக்கட்டும்.

வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாச் சபையிலும் நடப்பதுபோல மே மாதம் பத்து நாள், ஆக்‌ஷன் பாட்டு, செயல்நூல், கடைசி நாள் ஊர்வலமும் நிகழ்ச்சியும். நன்றாகவே நடத்துகிறார்கள். புத்தகத்துக்கும் சிற்றுண்டிக்கும் ஒரு சிறு தொகை வாங்குவார்கள், கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை, அது யார் என்பதும் வெளியே தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். எந்த வகுப்பிலும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருப்பதில்லை, இரண்டு பேர், கதவு திறந்தே இருக்கும். ஆண்டு தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கு போக்சோ சட்டம் பற்றி ஒரு வழக்கறிஞரை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். "கோயில்ல போய் இதெல்லாம் எதுக்கு" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. கோயிலில்தான் முதலில் வேண்டும் என்பது என் பக்கம்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும் திடப்படுத்தல் வகுப்பு. ஒரு பிள்ளை குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது ஞானப்பெற்றோர் அவனுக்காகச் சொன்ன வாக்கை அவனே எழுந்து நின்று சொல்கிற நாள் அது. வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். அதற்கு இங்கே கொடுப்பது ஒன்றரை மாதம்! பேராயர் வருகிற தேதி கிடைத்ததும் அவசர அவசரமாகப் பட்டியல் எடுத்து, வினாவிடையை மனப்பாடம் செய்யவைத்து, வெள்ளை உடை தைக்க அளவு எடுத்து முடித்துவிடுகிறார்கள். மற்ற வகுப்பிலெல்லாம் கேள்விக்கு இடம் கொடுக்கிற அதே சபை, பதினான்கு பதினைந்து வயதில் நிஜமான கேள்விகள் வருகிற நேரத்தில் பிள்ளைகளிடம் ஒப்பித்தலைக் கேட்கிறது. கடவுள் இருக்கிறாரா, மற்ற மதத்து நண்பர்கள் நரகத்துக்குப் போவார்களா, ஜெபித்தும் தாத்தா ஏன் இறந்தார் என்று என் மகன் என்னிடம் கேட்கிறான். வகுப்பில் கேட்டாயா என்றால், "அதுக்கு டைம் இல்லம்மா" என்கிறான். இதை ஐயரிடம் நேரிலேயே சொன்னேன். ஒரு வருடம் முழுக்க நடத்த வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவர் துணையாக இருக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

திடப்படுத்தல் முடிந்ததும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். காரணம் டியூஷன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் ஞாயிறு காலையிலேயே வகுப்பு வைக்கிறார்கள், நீட் பயிற்சி என்றால் கேட்கவே வேண்டாம். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக. நம் பிள்ளைகளுக்கு அந்த ஏழாவது நாளும் இல்லை. இதற்குச் சபையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பெற்றோர் நாங்கள்தான் அனுப்புகிறோம். ஆனால் வெள்ளி இரவிலோ ஞாயிறு மாலையிலோ அந்த வயதுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைக்கலாமே. வாலிபர் ஐக்கியம் இருக்கிறது, அது கல்லூரி முடித்தவர்களுக்கும் கிறிஸ்துமஸ் கேரலுக்கும் ஆனதாக இருக்கிறது, பதினாறு வயதுப் பையன் அங்கே போய் மூலையில் நிற்கிறான்.

வசனப் போட்டிப் பரிசும் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த, வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற அதே நான்கைந்து பிள்ளைகள் வருடா வருடம் கோப்பை வாங்குகிறார்கள். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்திருப்பான், அவனுக்கு மேடையில் வேலை இல்லை. போட்டியை எடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கீதத்தை ஒப்புவிக்கவைத்தால் என்ன குறைந்துவிடும்?

சீனியர் வகுப்பும் பெரியவர்களின் சிறு குழுக்களும் மாடியில். சாய்தளம் கிடையாது, லிஃப்ட் கிடையாது. மூட்டுவலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருகிற ஒரு மாணவியும் கீழேயே நின்றுவிடுகிறார்கள். பெயிண்ட் அடிக்கவும் ஒலிபெருக்கி மாற்றவும் பணம் வருகிற சபைக்கு இது பெரிய செலவில்லை, அவசரமாகச் செய்ய வேண்டியது. படுக்கையில் இருக்கிற முதியோருக்கு மட்டும் நன்றாகவே செய்கிறார்கள்: மாதம் ஒருமுறை ஐயர் திருவிருந்து கொண்டுபோகும்போது கூடவே இன்டர் வகுப்புப் பிள்ளைகள் இருவர் போய் அந்த மாதத்துப் பகுதியை வாசித்துக் காட்டுவார்கள். என் மகன் போய் வந்த பிறகு ஒரு தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

இன்னொன்று, சபைத் தேர்தல் வருகிற வருடம். பெற்றோர் வகுப்பின் உயிரே அப்போது போய்விடுகிறது. யார் யாரோடு உட்காருகிறார் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், வகுப்பு எடுக்கிறவர் எந்த அணி என்று கேட்பார்கள், கடைசியில் பிரச்சினை வேண்டாம் என்று சில மாதம் வகுப்பையே நிறுத்தினார்கள். அந்தச் சில மாதத்தில் பிள்ளைகள் வகுப்பும் மங்கியதை நான் கண்ணால் பார்த்தேன், சனிக்கிழமை கூடுகைக்கு ஆள் குறைந்தது, தாள் வரவில்லை. தேர்தலுக்கும் வகுப்புக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது, எந்த அணி ஜெயித்தாலும் ஞாயிறு 7.30-க்கு ஹால் திறந்திருக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்ட ஒரு நட்சத்திரம் இதற்காகத்தான்.

சேர விரும்புகிறவர்களுக்கு: புது வகுப்பு ஜூன் முதல் ஞாயிறு தொடங்கும், இடையில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை. வேறு சபையிலிருந்து வந்தால் அங்கத்தினர் மாற்றக் கடிதம் பிறகு கொடுத்தால் போதும், பிள்ளைகளை முதல் வாரமே உட்கார வைப்பார்கள். சின்னப் பிள்ளை அழுதால் அம்மாவோ அப்பாவோ வகுப்பிலேயே இருக்கலாம். ஞானஸ்நானம் கொடுக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஐயரைப் பாருங்கள், பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் மூன்று வகுப்பு இருக்கிறது, வெளியூரில் இருக்கிற ஞானப்பெற்றோர் போனில் சேரலாம். வண்டி நிறுத்த இடம் குறைவு, 7.15-க்கே வந்துவிடுங்கள். தமிழ் வேதாகமம் ஒன்று கையில் கொண்டுவாருங்கள், ஹாலில் இருப்பவை பழையவை, எழுத்து பொடியாக இருக்கும்.